ஆண்டறிக்கை: மூத்தோர் உடற்பயிற்சி வகுப்பும் இந்த ஆண்டும்

அன்பார்ந்த உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். தெருவிளக்கு, குப்பை வண்டி பற்றியெல்லாம் போன கூட்டத்திலேயே பேசிவிட்டோம். அதனால் நான் சொல்லப்போவது பெரும்பாலும் நம் தோட்டப்பாளையம் கூடத்தில், மூத்தோர் கீழே விழாமலிருக்க நடக்கும் உடற்பயிற்சி வகுப்பைப் பற்றித்தான். இந்த ஆண்டு சங்கம் செய்ததில் இதுதான் உருப்படியான காரியம் என்பது என் எண்ணம்.

தொடங்கும்போது பலரும் கேட்டது, "தினமும் கோட்டைப் பூங்காவில் நடக்கிறேனே, அப்புறம் இது எதுக்கு?" என்றுதான். நடப்பது இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கும் நல்லது, விடவே வேண்டாம். ஆனால் நடை மட்டுமே விழுவதைத் தடுக்கும் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. தொடையிலும் கெண்டைக்காலிலும் வலு வேண்டும், தடுமாறினால் உடம்பு தானே சுதாரித்துக்கொள்ளப் பழக வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் இந்த இரண்டு பயிற்சியையும் வாரம் 3 நாளாவது செய்யச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வழிகாட்டியது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2019-ஆம் ஆண்டு அறிக்கையில், உடற்பயிற்சி செய்த முதியவர்கள் விழுவது ஏறத்தாழ 23 சதவீதம் குறைந்திருந்தது. வாரம் 3 நாள் என்ற அந்த வழிகாட்டலை வைத்துத்தான் வகுப்பைத் திங்கள், புதன், வெள்ளி என்று வைத்தோம்.

செய்வது எல்லாம் எளிதுதான். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தொட்டபடி குதிகாலைத் தூக்குவது, தரை டைல்ஸ் கோட்டின் மேல் ஒரு பாதத்தின் விரல் நுனிக்கு முன்னால் ஒட்டினாற்போல் அடுத்த பாதத்தின் குதிகாலை வைத்து நடப்பது, கைப்பிடிக்கிற தூரத்தில் சுவர் இருக்க ஒற்றைக் காலில் நிற்பது. பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் வழுக்குகிறது என்று மர நாற்காலிகளைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறோம். முதலில் இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, "முருகா" என்று சொல்லித்தான் எழுந்த ஒரு அம்மா, இப்போது கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுகிறார். எழுந்ததும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார் பாருங்கள், அந்தச் சிரிப்புக்காகவே வகுப்பு நடக்கலாம்.

விழுந்த கதைகளையும் பேசிக்கொள்கிறோம். ஈரமான குளியலறை, இருட்டிலேயே வாசல் தெளித்த சிமெண்டுத் தரை, அடி தேய்ந்த ரப்பர் செருப்பு, ராத்திரி விளக்கு போடாமல் எழுந்தது, இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம், கட்டில் ஓரத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

கத்திரி வெயிலில் வருகை குறைந்தது, காலை 6 மணிக்கு மாற்றினோம், சரியாகிவிட்டது.

எனக்கு வருத்தம் ஒன்றுதான். ஒருமுறை விழுந்தவர்கள் வருவதே இல்லை. "இனிமே வீட்டிலேயே உட்காருங்க" என்று பிள்ளைகள் பாசத்தில் சொல்கிறார்கள், பயத்தில் இவர்களும் உட்கார்ந்துவிடுகிறார்கள், உட்கார உட்கார கால் இன்னும் தளர்கிறது, மறுபடி விழுவதற்கு அதுவே வழியாகிறது. வகுப்பு முதலில் அவர்களுக்குத்தான் தேவை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அழைத்து வாருங்கள், நாற்காலியை விட்டு எழாமலே செய்யும் பயிற்சியில் தொடங்கலாம்.

கூடத்தின் படிகளுக்கு இருபுறமும் கைப்பிடிக் கம்பி வைக்க இன்றைய பொதுக்குழு அனுமதி தர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் போதாது, இடது கையால் பிடிக்க வேண்டியவர்களும் வருகிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்