வண்ணப்பூச்சுக்கு முன்னால் வடிகால்: பாம்பன் சாலைப் பாலம் குறித்து ஒரு திறந்த மடல்

பாம்பன் சாலைப் பாலத்தையும் இந்தக் கரையோரச் சிறுபாலங்களையும் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

பாம்பன் சாலைப் பாலமான அன்னை இந்திரா காந்தி சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2 அன்று திறக்கப்பட்டது. வடகடல் ஒரு பக்கம், தென்கடல் மறுபக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்றும் மாறி மாறி உப்பை அள்ளிப் பூசுகின்றன. பக்கத்தில் 1914-இல் திறந்த ரயில் பாலத்தில் துரு முற்றி 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தார்கள். இரும்புப் பாலத்தின் துரு வெளியே தெரியும், சுரண்டிப் பார்க்கலாம். காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் வெளியே தெரிகிறபோது காரியம் பாதி கெட்டிருக்கும். ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: அடுத்த மதிப்பீட்டில் முதல் பணத்தைத் தண்ணீர் வெளியேறும் வழிக்கு ஒதுக்குங்கள்; ஒவ்வொரு விரிசலையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

இதில் இரண்டாவதை ஏன் வலியுறுத்துகிறோம் என்பதற்கு ஸ்விட்சர்லாந்து மலைப்பள்ளம் ஒன்றின் மேல் நிற்கும் சால்கினாடோபல் என்ற காங்கிரீட் வளைவுப் பாலமே சாட்சி. அதன் கதை அதற்கு முந்தைய ஒரு பாலத்தில் தொடங்குகிறது. ராபர்ட் மையார் என்ற பொறியாளர் 1901-இல் சூவோஸ் என்ற ஊரில் ஒரு பாலம் கட்டினார். வளைவு, பக்கச்சுவர், மேல்தளம் மூன்றும் சேர்ந்த உள்ளீடற்ற பெட்டி அது. இரண்டே ஆண்டில், கரையை ஒட்டிய பக்கச்சுவர்களில் செங்குத்தாக விரிசல். பாலத்துக்கு ஆபத்தில்லை. பூசி மறைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் நேரில் போய்ப் பார்த்தார். அந்த இடத்தில் சுவரே தேவையில்லை என்று முடிவு செய்து, 1905-இல் தவனாசாவில் கட்டிய பாலத்தில் அந்தப் பகுதியை முக்கோண வெற்றிடமாகவே விட்டுவிட்டார். 1927-இல் மலைச்சரிவு அந்தப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. ஆனால் வடிவம் பிழைத்தது. ஷீயர்ஸ் ஊருக்கு மேலே சால்கினா ஓடைப் பள்ளத்தின் மேல் 1930-இல் முடிந்த சால்கினாடோபல் பாலம் அதே வடிவந்தான்: நடுவில் தூணில்லாத 90 மீட்டர் தாவு, வளைவின் இரண்டு பாதத்திலும் உச்சியிலுமாக, சற்றே அசைய விடும் மூன்று கீல்கள்.

அதைக் கட்டிய விதமும் கெட்டிக்காரத்தனம். ரிச்சர்ட் கோரே பள்ளத்திலிருந்து எழுப்பிய மரச்சாரம், முழு வளைவின் எடையைத் தாங்கப் போட்டதல்ல. வளைவின் மெல்லிய கீழ்ப்பட்டையை மட்டும் தாங்கினால் போதும். அது இறுகியதும் பக்கச்சுவர்களின் எடையை அதுவே சுமக்கத் தொடங்கியது. சென்ட்ரிங் செலவு மிச்சம்.

இவ்வளவு மேதைமை இருந்தும் அந்தப் பாலத்தையும் கெடுத்தது தண்ணீர்தான். தளத்தில் நீர்காப்பும் வடிகாலும் போதாமல் ஈரம் காங்கிரீட்டுக்குள் இறங்கியது. 1997-98-இல் பெரிய பழுதுபார்ப்பு நடந்தது. மேல்தோலை உயர் அழுத்த நீரால் அரித்தெடுத்து, காங்கிரீட் பீய்ச்சி, கைப்பிடிச் சுவர்களைப் புதிதாக வார்த்து, பழைய பலகை அச்சுத் தடம்கூட மாறாமல் செய்து முடித்தார்கள். பனி பெய்யும் ஊரில் நடந்ததற்கும் பாம்பனுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அங்கே உறைபனி, இங்கே உப்பு. இரண்டுக்கும் வாகனம் தண்ணீர்.

உப்பு எங்கே தங்கும் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். எப்போதும் மூழ்கியிருக்கும் பகுதி அவ்வளவு வேகமாகக் கெடாது. அங்கே பிராணவாயு குறைவு. அலை தெறித்து, காய்ந்து, மறுபடி நனையும் பட்டைதான் மோசம். அதற்கு அடுத்தது, தளத்தைத் தாங்கும் கர்டரின் அடிப்பக்கம். வெளிமுகத்தை மழை கழுவிவிடும். அடிப்பக்கத்தை எந்த மழையும் கழுவுவதில்லை, ஆண்டுக்கணக்கில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். கைப்பிடிச் சுவரைச் சுத்தியால் தட்டிவிட்டு 'நன்றாக இருக்கிறது' என்று எழுதும் ஆய்வறிக்கையால் பயனில்லை. படகில் போய் அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

மேலேயிருந்தும் உப்பு வருகிறது. மீன் லாரிகளிலிருந்து ஐஸ் கரைந்து ஒழுகும் தண்ணீர் தளத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும். அது, தளம் விரிந்து சுருங்க விட்ட இடைவெளியான எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வழியாகத் தூணின் தலையில் இறங்கி, மணலோடு சேர்ந்து, கர்டர் உட்காரும் பேரிங்கைச் சுற்றி ஊறும். ஜாயின்ட் ரப்பர் கிழிந்தால் அன்றைக்கே மாற்றுகிற ஏற்பாடு வேண்டும். வடிகால் குழாயின் முனை கர்டரின் அடிமட்டத்துக்குக் கீழே குறைந்தது 150 மில்லிமீட்டராவது நீண்டிருக்க வேண்டும். இந்தக் காற்றுக்கு இன்னும் நீளமாக வைப்பதே நல்லது. இல்லாவிட்டால் வெளியேறும் தண்ணீரைக் காற்று திருப்பி கர்டர் மேலேயே அடிக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே புதுத் தார் போடுவது இன்னொரு வினை. குழாய் வாய் புதைகிறது, கைப்பிடிச் சுவரின் உயரம் குறைகிறது, 50 மில்லிமீட்டர் தாருக்குச் சதுரமீட்டருக்குச் சுமார் 115 கிலோ எடையும் கூடுகிறது.

கெட்ட இடத்தில் பேட்ச் போடும்போது நடக்கும் தவறு எல்லா ஊரிலும் ஒன்றே. கம்பிக்கு முன்னால் உதிர்ந்ததை மட்டும் கொத்திவிட்டுச் சிமெண்ட் அப்பிவிடுகிறார்கள். சில ஆண்டில் அந்தப் பேட்ச் அப்படியே நிற்கும், அதைச் சுற்றி வளையம்போலப் புது விரிசல் வரும். புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகிவிட, பக்கத்தில் உப்பேறிய பழைய காங்கிரீட்டிலுள்ள கம்பி அதற்கும் சேர்த்துத் துருப்பிடிப்பதுதான் காரணம். கம்பிக்குப் பின்னால் 25 மில்லிமீட்டர் வரை கொத்தி, கம்பியைப் பளபளப்பாகத் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் காவிரிக் குடிநீர். பக்கத்துக் கிணற்று உவர்நீர் அல்ல. விளிம்பில், கம்பிக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாக ஆனோடு கட்டலாம். அப்புறம் ஏழு நாள் ஈரச் சாக்கு. வாடை அடிக்கும் நேரத்தில் சாக்கு ஒரு மணிநேரத்தில் காய்ந்துவிடும் என்பதை ஒப்பந்தத்தில் ஆள் கணக்கோடு எழுதுங்கள்.

எங்கே கொத்துவது என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். செப்பு-செப்பு சல்பேட் மின்முனையால் கம்பியின் மின்னழுத்தம் பாருங்கள்: மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் துரு நடக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அதே இடத்தில் 10 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு தடவையாகத் துளைத்தூள் எடுத்துக் குளோரைடு அளந்தால், உப்பு கம்பியைத் தொட இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு மண்டபத்திலேயே அரிமான ஆய்வு மையம் இருக்கிறது. தூளை அனுப்பத் தொலைதூரம் போக வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. இது எஃகுக் கேபிள்களை இழுத்துக் கட்டி இறுக்கிய பிரீஸ்ட்ரெஸ்டு காங்கிரீட் பாலம். இழுத்துக் கட்டிய கேபிள் துருப்பிடித்தால் சாதாரணக் கம்பிபோல வீங்கிக் காங்கிரீட்டை வெடிக்க வைத்து அறிவிப்புக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, திடீரென்று அறுந்துவிடலாம். கேபிள் குழாயில் கிரவுட் என்ற சிமெண்ட் கூழ் நிரம்பாத வெற்றிடமும், கேபிளைப் பிடித்து நிறுத்தும் நங்கூர முனைகளுமே பார்க்க வேண்டிய இடங்கள். வரைபடம் கையில் இல்லாமல் ஒருவரும் அங்கே உடைப்பான் வைக்கக் கூடாது.

பதிவேடு பெரிய காரியமில்லை. தாவு எண், எந்த முகம், விரிசலின் நீளம், அகலம், தேதி, ஒரு அளவுகோலோடு புகைப்படம். பேட்ச் போட்டால் கலவையும் ஒப்பந்தக் காலமும். இதை மாற்றலாகிப் போகிறவர் அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும்; ஆய்வறிக்கையின் பிரதியை ஆண்டுக்கு ஒருமுறை பொதுவில் வையுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலம் மாசி, பங்குனி. வாடை ஓய்ந்து கச்சான் எழும்புவதற்குள் படகும் தொங்குசாரமும் நிற்கும் இடைவெளி அதுதான். ஒப்பந்தப்புள்ளியைச் சித்திரையில் திறந்தால் அந்த ஆண்டு போயிற்று. கார்த்திகைக்குள் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மண்டபம், பாம்பன், உச்சிப்புளிப் பகுதியில் காங்கிரீட் பழுதுபார்க்கும் தொழிலில் உள்ளவர்கள்