செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஸ்கேல் மாடல் விமானச் சங்கம், சேலம்

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிவான வணக்கம். சங்க விதிப்படி, முடிந்த ஆண்டின் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வாடகை கட்டுப்படியாகாததால் ஐந்து ரோட்டு அறையைக் காலி செய்துவிட்டு அம்மாபேட்டை மாடிக்கு மாறினோம். கோடை விழா நாட்களில் ஏற்காட்டில் உறுப்பினர் ஒருவர் வீட்டு வராந்தாவில் மாடல்களைப் பார்வைக்கு வைத்தோம். குழந்தைகள் நிறைய வந்தார்கள். மாடலைப் பூட்டிச் செய்யும் பாகங்கள் அடங்கிய பழைய கிட் பெட்டிகள் ஒருமுறை கைமாறின. ஆயுத பூஜை வழக்கம்போல் நடந்தது.

மழைக்காலத்தில் ஏற்காட்டில் பெயின்ட் முகாம் வைக்கலாம் என்ற யோசனையை நிர்வாகக் குழு ஏற்கவில்லை. அதில் சிலருக்கு வருத்தம். காரணத்தை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். லேக்கர் பெயின்டில் கலந்த தின்னர் ஆவியாகும்போது, மாடலின் பிளாஸ்டிக் தகட்டின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அந்தக் குளிர்ந்த மேற்பரப்பில் படிந்து, பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். மேகம் வீட்டுக்குள் புகுந்து போகும் ஊரில், அந்த மாதங்களில் ஸ்பிரே வேலை ஆகாது. பிப்ரவரி, மார்ச்சில் தாராளமாக வைக்கலாம்.

இனி, சங்கம் மரத்தில் அச்சு செதுக்கிச் செய்துவரும் மாருத் போர் விமான மாடல்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு கேள்வி எழுந்தது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் கிட் வந்து இறங்கும்போது, மரக்கட்டையைச் செதுக்கிக்கொண்டு சங்கம் ஏன் ஓராண்டை வீணாக்க வேண்டும் என்று கேட்டார்கள். அன்று நேரமில்லாமல் சுருக்கமாகச் சொன்னேன். இன்று விவரமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் வேண்டும் என்றால் கிட் கிடைக்கும். அமெரிக்காவின் மஸ்டாங் கிடைக்கும். நம் நாட்டில் வரைந்து, நம் நாட்டில் கட்டி, 1971 போரில் ராஜஸ்தான் முனையில் பறந்த எச்.எஃப்.-24 மாருத் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் கையை விரிக்கிறார். இங்கிருந்து 200 கிலோமீட்டர் தள்ளி, பெங்களூரு இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் பிறந்த விமானம் அது. 1961 ஜூன் 17 அன்று விமானி சுரஞ்சன் தாஸ் அதை முதன்முதலாக எடுத்துப் பறந்தார். மொத்தம் 147 விமானங்கள் கட்டினார்கள். அதன் மாடலை நாம் செய்யாமல் வேறு யார் செய்வது?

இன்னொன்றும் உண்டு. மாருத்தே பாகம் கிடைக்காத தவிப்பில் பிறந்த விமானம்தான். அதை வடிவமைத்த கூர்ட் டாங்க் ஜெர்மனியில் ஃபொக்க வுல்ஃப் 190 போர் விமானத்தைத் தந்தவர். அவரும் நம் பொறியாளர்களும், ஜெட் விமானத்தைக் கட்டுவதற்கு முன் அதே வடிவத்தில் முழு அளவில் மரத்தாலேயே ஒரு கிளைடர் செய்து, 1959-இல் டகோட்டா விமானத்தின் பின்னால் கட்டி இழுத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். எக்ஸ்-241 என்று அதற்குப் பெயர். எந்த எஞ்ஜினை நம்பி விமானத்தை வரைந்தார்களோ, அந்த ஆர்ஃபியஸ் 12 பாதியில் கைவிடப்பட்டது. கையில் இருந்த ஆர்ஃபியஸ் 703 இரண்டைப் பக்கத்துப் பக்கமாகப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். நினைத்த வேகம் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் போருக்குப் போய் வந்தது. ஒரு தகடு கிடைக்கவில்லை, சின்னம் அச்சிட்ட ஒட்டுப்படமான ஒரு டீகால் கிடைக்கவில்லை என்று மாடலை மூட்டை கட்டி வைக்கும் உறுப்பினர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

வேலை எந்த அளவில் இருக்கிறது என்று சொல்கிறேன். 1/48 அளவு எடுத்திருக்கிறோம். அசலின் நீளம் 15.87 மீட்டர், இறக்கை விரிவு 9 மீட்டர். நம் மாடலில் அது 331 மில்லிமீட்டருக்கு 187.5. பெங்களூரு விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் நிற்கும் மாருத்தைப் பக்கவாட்டில் படம் எடுத்து வந்தோம். கிட்டே நின்று எடுத்தால் மூக்கு பெருத்து வால் சிறுத்துத் தெரியும். அதனால் எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி நின்று ஜூம் வைத்து எடுத்தோம். மொத்த நீளம் தெரியும் என்பதால் மற்ற அளவுகளைப் படத்திலிருந்தே கணக்கிட முடிந்தது.

சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டை மேலே இழுத்து உடற்பகுதியை எடுக்கும் அச்சு குமிழ் மரம். இழை நெருக்கம், உளிக்கு இணங்கும், காய்ந்த பின் கோணாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே காகிதம் வைத்து ஒட்டிவிட்டு, ஒரே கட்டையாகச் செதுக்கினோம். செதுக்கி முடிந்ததும் காகிதத்தில் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் நடுக்கோட்டில் சுத்தமாக இரண்டாகப் பிரிகிறது. இடம், வலம் இரண்டுக்கும் அச்சு தயார். மாருத்துக்கு நடு உடல் இடுப்பு ஒடுங்கியிருக்கும். ஒலி வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடையைக் குறைக்கச் செய்த ஏற்பாடு அது. அந்த வளைவு ஒரு மில்லி தவறினாலும் மாடல் வேறு ஏதோ விமானமாகிவிடும். அதனால் ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் தகட்டில் டெம்ப்ளேட் வெட்டிக் கட்டையின் மேல் வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். வெளிச்சம் கசியும் இடத்தில் தகடு எட்டவில்லை. தகடு உட்காரும் இடத்தில் மரம் மிச்சம் இருக்கிறது. அங்கே பென்சிலால் குறித்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி விளக்கு. செவ்வாய்ப்பேட்டை உறுப்பினரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த வேலை இதுதான். வேறு வேலை எதுவும் செய்யவில்லை என்று சொன்னவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இன்னொரு நுணுக்கம். சூடாக்கிய பாலிஸ்டைரீன் தகட்டை அச்சின் மேல் இழுக்கும்போது, தகட்டின் தடிமனும் உடலோடு சேர்ந்துகொள்ளும். ஒரு மில்லி தகடு என்றால் 1/48-இல் அது அசலின் 48 மில்லிக்குச் சமம். அதனால் அச்சை அந்த அளவுக்குச் சிறியதாகவே செதுக்க வேண்டும். காற்றை உறிஞ்சித் தகட்டை அச்சோடு படிய வைக்கும் வாக்குவம் பெட்டியைச் சங்கச் செலவில் செய்தது பற்றி முணுமுணுப்பு வந்தது. அது துளை போட்ட ஒரு பிளைவுட் பெட்டி, ஒரு சட்டம், கொஞ்சம் ரப்பர் பட்டை, அவ்வளவுதான். உறிஞ்சும் வாக்குவம் கிளீனர் என் வீட்டுடையது. அதற்கு வாடகை எதுவும் கேட்கவில்லை.

விமானி அறையின் கண்ணாடி மூடிக்குத் தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பார்த்தோம். மெதுவாகச் சூடேற்றினால் அந்தப் பிளாஸ்டிக் பால் நிறமாக வெளுத்துவிடுகிறது. துணிக்கடைச் சட்டைப் பெட்டியின் மேல்மூடி நன்றாக வந்தது. வீட்டில் சட்டைப் பெட்டி இருப்பவர்கள் தூக்கிப் போடாமல் கொண்டுவந்து கொடுங்கள்.

மாருத்தின் மூக்கில் நான்கு ஏடன் பீரங்கிகள், 30 மில்லி வாய். 1/48-க்குக் கணக்குப் போட்டால் 0.625 மில்லி. 20 நம்பர் இன்ஜெக்‌ஷன் ஊசியின் உள்விட்டம் 0.6. மருந்துக்கடையில் வாங்கிய புது ஊசியை அறுத்தால் பீரங்கி வாய் கிடைத்துவிட்டது. சக்கரக் கால்களுக்கும், வேகம் அளக்கும் பிட்டோ குழாய்க்கும் வேண்டிய பித்தளைக் கம்பிதான் கிடைக்காமல் திண்டாடினோம். வெளியூரிலிருந்து தருவிப்பதாகச் சொன்னவர்கள் தருவிக்கவில்லை. கடைசியில் வழி நம் ஊரிலேயே இருந்தது. கொலுசுப் பட்டறையில் கம்பியைத் துளைத் தகட்டில் ஒவ்வொரு துளையாக இழுத்து மெலிய வைப்பார்கள். பட்டறைக்காரர் நம் பித்தளையை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது இழுக்க இழுக்க முறைச்சுக்குமுங்க சார், நடுவுல ஒருதரம் நெருப்புல காட்டணும்” என்றார். சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மறுபடி இழுத்து, நாம் கேட்ட அளவுக்கே தந்தார். காலின் மூட்டுகளைப் பொடி வைத்து ஊதி ஒட்டியும் கொடுத்தார். மூட்டு எங்கே என்று தேடினாலும் தெரியவில்லை. கூலி வாங்க மறுத்துவிட்டார். சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் இத்தனை பட்டறைகள் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு நாம் இவ்வளவு காலம் வெளிநாட்டுக் கம்பிக்குக் காத்திருந்தோம்.

விமானப்படை வட்டச் சின்னத்துக்கு டீகால் கிடைக்கவில்லை. வண்டி நம்பர் பிளேட்டுக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில், பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் வினைல் மாஸ்க் வெட்டிக்கொள்ளலாம். வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்று மூன்று மாஸ்க். சோதனைத் தகட்டில் விளிம்பு கத்தி வைத்து வெட்டியதுபோல் வந்திருக்கிறது. கூட்டம் முடிந்ததும் மேசையில் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டுக்கான தின்னரை ஈரமாக அடித்தால் பாலிஸ்டைரீன் தகட்டில் வெடிப்பு விழுந்துவிடும். மெல்லிய பூச்சாகப் பலமுறை அடியுங்கள். அக்ரிலிக் கடைகளில் ஒட்டுவதற்குத் தரும் குளோரோஃபார்மை மூடிய அறையில் வைத்து யாரும் வேலை செய்ய வேண்டாம். சங்கத்தின் பெயரால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

இனி வருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். திட்டம் தொடங்கியபோது கை தூக்கியவர்களில் பாதிப் பேர் அச்சைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. இறக்கையை எடுத்துக்கொண்டு போனவர் அதைப் பல மாதங்கள் கழித்து, தொடாமலே திருப்பிக் கொடுத்தார். வீட்டுக் கஷ்டம் என்றால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு கையில் கொடுத்திருப்போம். வாட்ஸ்அப்பில் படம் போட்டவுடன் பாராட்டுகிறீர்கள், மனதார மகிழ்ச்சி. கட்டையைத் தேய்க்க ஞாயிறு காலை ஆள் வர வேண்டும். மாருத் செயலாளரின் தனிச் சொத்தாகிவிட்டது என்று யாராவது நினைத்தால், மாடிச் சாவி கீழ்வீட்டிலேயே இருக்கிறது. வந்து உளியை எடுக்கலாம்.

சந்தாவும் அதே கதைதான். கணிசமானோர் இந்த ஆண்டும் கட்டவில்லை. சிலர் சென்ற ஆண்டுக்கும் பாக்கி. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை. பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. வாடகை, மின்சாரம், தகடு, பசை ஆகியவற்றுக்கு வந்த பணம் ஏறக்குறைய சரியாகப் போயிற்று. சிறு துண்டு விழுந்ததை இரண்டு உறுப்பினர்கள் ஈடுகட்டினார்கள். விவரம் வேண்டுவோர் பொருளாளரின் கணக்கேட்டைப் பார்க்கலாம். தணிக்கையாளர் கையெழுத்து வந்ததும் நகல் தரப்படும்.

மாடி கொடுத்த வீட்டுக்காரருக்கும், கொலுசுப் பட்டறைக்காரருக்கும், ஸ்டிக்கர் கடைத் தம்பிக்கும், ஏற்காட்டு உறுப்பினரின் குடும்பத்தாருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டில் செய்ய வேண்டியது ஒன்றே. சக்கரங்கள், காற்று நுழைவாயிலின் அரைக்கூம்புகள், விமானி இருக்கை ஆகியவற்றுக்கு சிலிக்கோன் ரப்பர் அச்சு ஊற்றி, ரெசினில் வார்க்க வேண்டும். ஒருமுறை ஊற்றிவிட்டால் ஒவ்வொரு உறுப்பினரும் ஆளுக்கொரு மாருத் எடுத்துப் போகலாம். சிலிக்கோனையும், அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்டையும் டப்பா திறந்த பின் நெடுநாள் வைக்க முடியாது. வாங்கினால் ஒரே வீச்சில் எல்லா அச்சும் ஊற்றிவிட வேண்டும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக வாங்கும் யோசனை நடக்காது. பாக்கிச் சந்தா முழுவதும் வந்தால் போதும், தனி வசூல் தேவைப்படாது. வரவில்லை என்றால், ஊற்றும் அச்சில் பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான் பாகம் வார்க்க முடியும். அதற்கு மேல் கைக்காசு போட எனக்கு வழியில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பொறுப்பில் அடுத்த ஆண்டும் நானே தொடர வேண்டுமா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். வேறு யாராவது முன்வந்தால் அச்சுகள், டெம்ப்ளேட்கள், அளவுக் குறிப்பேடு எல்லாவற்றையும் அன்றைக்கே ஒப்படைக்கிறேன். தொடரச் சொன்னால், வரும் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மாடியில் இருப்பேன். இறக்கை அச்சின் இடப்பக்கம் தேய்க்கப்படாமல் கிடக்கிறது. உப்புத்தாள் சங்கத்தில் இருக்கிறது, கையில் கொண்டுவரத் தேவையில்லை.

இப்படிக்கு,
செயலாளர்