இனேவுக்கு நீயும் ஒருமுறை போய்விட்டு வா

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். அப்பாவின் முழங்கால் வலியும் தணிந்திருக்கிறது. பயணக் கதையைப் போனில் சொல்லலாம் என்று பார்த்தால், நீ இரண்டு முறை "சரி அம்மா" என்பதற்குள் அலுவலகத்தில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்களுக்கு டிக்கெட் எடுத்து, தங்க இடம் பார்த்து, கியோத்தோ மாகாணத்தின் வடக்கே, ஜப்பான் கடலோரத்தில் இருக்கும் தாங்கோ பகுதிக்கு அனுப்பிவைத்தாய். ஆனால் நீ அங்கே போனதே இல்லை. ஒசாகாவில் இத்தனை காலம் இருந்துகொண்டு, அரை நாளில் போய்ச் சேரக்கூடிய ஊரைப் பார்க்கவில்லையே என்பது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. குளிர்காலம் முடிவதற்குள் போய்விட்டு வா.

அமானோஹாஷிடாதே பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானின் மூன்று பேரழகுக் காட்சிகளில் ஒன்று என்று எல்லா நாள்காட்டியிலும் அதன் படம் இருக்கிறது. 3.6 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலைக் கிழித்துக்கொண்டு போகும் மணல்திட்டு, அதன்மேல் ஆயிரக்கணக்கான பைன் மரங்கள். காசாமாட்சு பூங்கா மேட்டில் ஏறி, திரும்பி நின்று குனிந்து, கால்களுக்கு இடையே தலைகீழாகப் பார்த்தால் வானத்துக்குப் போகும் பாலமாகத் தெரியும் என்கிறார்கள். அப்பாவும் வரிசையில் நின்று பார்த்தார். எனக்கோ அந்த மணல்திட்டில் இருக்கும் இசோஷிமிசு கிணறுதான் அதிசயம். இரண்டு பக்கமும் உப்புக் கடல் இருக்க, நடுவில் கரிக்காத தண்ணீர்! சியோன்ஜி கோயில் வாசலில் 'சியே நோ மோச்சி' என்று, அரிசி மாவு உருண்டையின் மேல் இனிப்புப் பயறு விழுதை அப்பித் தருகிறார்கள். ஞானம் தரும் தெய்வத்தின் வாசல் பலகாரம் அது. நின்று சாப்பிட்டுவிட்டுப் போ.

உன்னை நான் போகச் சொல்வது அதற்கு அப்பால், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் இனே என்ற மீனவ ஊருக்கு. விரிகுடாவைச் சுற்றி ஏறத்தாழ 230 ஃபுனயாக்கள், அதாவது படகை உள்ளே நிறுத்தும் வீடுகள், தண்ணீரிலேயே கால் வைத்து நிற்கின்றன. கீழ்த்தளம் படகுக்கு, மேல்தளம் வலைக்கும் சாமான்களுக்கும். குடும்பம் வசிக்கும் வீடு சாலைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. அலை வந்து அள்ளிக்கொண்டு போகாதா என்று விடுதிக்காரரிடம் கேட்டேன். நீ என் போனில் போட்டுக் கொடுத்த மொழிபெயர்ப்புச் செயலியின் துணையோடு அவர் பொறுமையாக விளக்கினார். விரிகுடாவின் வாய் தெற்கே பார்த்திருக்கிறது. குளிர்காலத்து வாடைக்காற்று வடமேற்கிலிருந்து வரும்போது மலை மறைத்துக்கொள்கிறது. வாயை அடைத்தாற்போல ஆவோஷிமா என்ற தீவு இருப்பதால் பெரிய அலை உள்ளே வருவதில்லை. ஜப்பான் கடலில் நீர்மட்டம் ஏறி இறங்குவதும் மிகக் குறைவு, அரை மீட்டர் அளவுதான். இவ்வளவும் ஓரிடத்தில் கூடி வந்ததால்தான் கடலை நம்பி வாசல் வைத்திருக்கிறார்கள். 2005-ல் அரசாங்கம் இந்தக் குடியிருப்பைப் பாதுகாக்கப்பட்ட மரபுக் கட்டடப் பகுதியாக அறிவித்தது. இன்றைய படகுகள் பெரியவை, உள்ளே நுழைவதில்லை; வெளியே கட்டிவைத்திருக்கிறார்கள். பல கீழ்த்தளங்கள் இப்போது பொருள் வைக்கும் இடங்களாகவும், சில விடுதிகளாகவும் மாறிவிட்டன.

காலையில் அந்த விடுதிக்காரர் தரைப்பலகை முடியும் இடத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு கயிற்றை இழுத்தார். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கூண்டு மேலே வந்தது. மொந்தோரி என்கிறார்கள். முதல் நாள் சமைத்த மீனின் தலையும் முள்ளும் அதற்குள் கிடந்தன. அதைத் தின்ன வந்த இரண்டு மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன; ஒரு சின்ன கணவாய் கம்பியைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்றது. அடுப்பங்கரைக் கழிவைப் போட்டு மறுநாள் சாப்பாட்டை எடுக்கிறார்கள். நான் குளிரை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன். குளிர்காலத்தில் அங்கே புரி மீன்தான் ராஜா. நம் பாரைக் குடும்பத்து மீன். உடம்பு முழுக்கக் கொழுப்பு ஏறியிருக்கும். மெல்லிய துண்டாக வெட்டி, கொம்பு கடற்பாசி போட்டுக் கொதிக்கவைத்த நீரில் இரண்டு மூன்று நொடி அலசினால் ஓரம் வெளுக்கும். உடனே எடுத்துவிட வேண்டும். துருவிய முள்ளங்கியும் புளிப்புச் சாறும் கலந்த கிண்ணத்தில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். மசாலா இல்லாமல் மீனா என்று போகும்போது அப்பா கேட்டார். சாப்பிட உட்கார்ந்த பிறகு அவர் வாய் திறந்து பேசவே இல்லை.

பாராசூஷியும் சாப்பிடு. விசேஷ நாட்களில் வீட்டில் செய்யும் சோறு அது. காடி கலந்த சோற்றுக்கு நடுவே, இனிப்பும் உப்புமாகச் சமைத்து உதிர்த்த சாபா மீனை அடுக்கி, மேலே முட்டையும் காளானும் சிவப்பு இஞ்சியும் தூவி, தட்டையான மரப்பெட்டியில் அழுத்திவைத்து வெட்டிக் கொடுக்கிறார்கள். சாபா நம் அயலைக்குச் சொந்தம். இப்போது பெரிய டின் மீனை வைத்துத்தான் பெரும்பாலும் செய்கிறார்களாம். கடையில் அந்த டின்கள் அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். நீ தினமும் வாங்கும் பெட்டிச் சாப்பாட்டுக்குப் பதில் இதை நூறு முறை சாப்பிடலாம்.

மறுநாள் உராஷிமா கோயிலுக்குப் போனோம். ஒரு மீனவன் கடலுக்கு அப்பாலுள்ள மாய உலகத்துக்குப் போய் மூன்று வருடம் சுகமாக இருக்கிறான். ஊருக்குத் திரும்பினால் 300 வருடம் ஆகியிருக்கிறது, பெற்றவர்கள் யாரும் இல்லை. அவன் 478-ஆம் ஆண்டில் அந்த உலகத்துக்குப் போனதாக நிஹோன் ஷோகி என்ற பழைய வரலாற்று நூலிலேயே இருக்கிறது. ஜப்பானியக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த கதையாம். அன்று முழுவதும் அது என் மனதைவிட்டுப் போகவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, கண்ணா. வேலை அப்படி. இருந்தாலும் வருகிற பொங்கலுக்கு நீ வீட்டில் இருக்க வேண்டும்.

போகும்போது குடை எடுத்துக்கொள். "சோற்றுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே" என்பது அந்தப் பக்கத்துப் பழமொழி. வெயில், மழை, பனி என்று ஒரே நாளில் மாறி மாறி வருகிறது. அந்த ஈரக்காற்றில் பட்டு நூல் அறுவதில்லையாம். அதனால் 1720 முதல் அங்கே சிரிமென் என்ற சுருக்கம் விழுந்த பட்டு நெய்கிறார்கள். எனக்கு ஒரு கைக்குட்டை வாங்கினாலே போதும்.

இன்னொன்று. ஃபுனயாக்கள் காட்சிக்கு வைத்தவை அல்ல, மனிதர்கள் புழங்கும் இடம். கதவு திறந்திருந்தால் எட்டிப் பார்க்காதே, உள்ளே போய்ப் படம் எடுக்காதே. விரிகுடாவைச் சுற்றிக் காட்டும் படகில் ஏறினால் எல்லாமே நன்றாகத் தெரியும்.

உன் குளிர்பெட்டியின் அடித்தட்டில், செய்தித்தாளில் சுற்றி ஒரு ஹெஷிகோ வைத்திருக்கிறேன். சாபா மீனை உப்பிட்டு, தவிட்டில் புதைத்து, கல் ஏற்றி ஒரு வருடம்போல ஊறவைப்பது. நம் கருவாட்டைவிட உப்பு அதிகம். தவிட்டை வழித்துவிட்டு, காகிதம்போல மெல்லிதாக நறுக்கி, லேசாகச் சுட்டு, சூடான சோற்றில் இரண்டு துண்டு மட்டும் போட்டுக்கொள். ஒரே நாளில் தீர்த்துவிடாதே. தீர்ந்தால் இனேவுக்குப் போய் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா