பொதுக்குழுவில் செயலாளர் வாசித்த ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் எண்ணூர் கழிமுகத்தை நம்பிப் பிழைக்கும் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த வருஷம் 9 முறை கூடியது. சந்தா பாக்கியைப் பொருளாளர் வாசிப்பார். வெளியிலிருந்து வந்து கழிமுகத்தில் பரவிய காக்கா ஆழி மட்டியின் தொல்லை அப்படியே இருக்கிறது, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மற்ற நேரத்தையெல்லாம் விழுங்கியது முகத்துவாரத்தைத் தூர் வாரிய விவகாரம். மணல் மேடிட்டுவிட்டது, வாருங்கள் என்று மனுவுக்கு மேல் மனு கொடுத்தது நாம்தான். எப்படி வார வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. மனுவை எழுதியவன் நான்.

மணலை எடுத்தவரை சரி. அடியில் கறுப்புச் சேறு தட்டுப்பட்டதும் அதே வேகத்தில் அதையும் கிளறினார்கள். அழுகிய முட்டை நாற்றம் குப்பம் வரை வந்தது. பல வருஷத்து அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் படிந்த சேறு அது. 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெயையும் இங்கே யாரும் மறக்கவில்லை. காற்றுப் படாதவரை ஈயம், காட்மியம் போன்றவை கந்தகத்தோடு பிணைந்து சேற்றில் அடங்கிக் கிடக்கும். கிளறினால் ஆக்சிஜன் பட்டுப் பிணைப்பு விடும். கொஞ்சம் தண்ணீரில் கரையும், மீதி மெல்லிய துகளில் ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தோடு போகும்.

நம்பாதவர்களுக்காக ஒரு சோடா பாட்டிலில் அந்தச் சேற்றைக் கழிமுகத் தண்ணீரோடு குலுக்கி வைத்தேன். மணல் உடனே அடியில் உட்கார்ந்தது. காலையில் வைத்தது, விளக்கு வைக்கும் நேரத்திலும் மேலே கலங்கல் நின்றது. அதற்குள் ஏற்றமும் வற்றமும் மாறிவிடும். முகத்துவாரத்தில் கலக்கியது காட்டுக்குப்பம் பக்கம் படியும். தண்ணீரை வடிகட்டித் தின்னும் மட்டிக்குள் போகும். கையால் இறால் தடவும் பெண்கள் அரிப்பு என்கிறார்கள், மருத்துவ முகாம் கேட்டிருக்கிறோம்.

ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவின் பாதரசச் சேற்றை அடக்க 1977 முதல் 1990 வரை ஆனது. கலங்காதபடி உறிஞ்சி எடுத்து, கரையோர அடைப்புக்குள் கொட்டி மூடி, 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். நமக்கு 11 நாளில் முடித்துவிட்டார்கள்! அள்ளிய சேறு கரையிலேயே குவிந்திருக்கிறது, மழை பெய்தால் திரும்ப உள்ளேதான்.

புதிய மனு தயார். வாருவதற்கு முன் சேற்றைச் சோதிக்க வேண்டும், சுற்றிலும் தடுப்புத் திரை கட்ட வேண்டும், இறால் பருவத்தில் கை வைக்கக் கூடாது, குவியலை உடனே அகற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். டீ குடிக்கப் போகுமுன் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டில் மேசைமேல் இருக்கிறது, பார்க்கலாம். பிள்ளைகள் மூடியைத் திறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்