கால் நிறத்தை நம்பி ஏமாந்த கதை

அன்புள்ள முருகேசா,

உன் முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே என்னை வேறு ஒரு கால் ஏமாற்றிவிட்டது. ஆற்றுச் சேற்றில் இரை தேடும் அந்த உள்ளான் பறவைகளைக் கால் நிறத்தை மட்டும் பார்த்து இனம் பிரிக்காதே, பறக்கும்வரை பொறு என்று நீ சொன்னதுதான் சரி. ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

ஆறு வற்றிச் சேறும் மணலுமாய்க் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே திட்டில் மூன்று பறவைகள். ஓயாமல் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது சாதாரண உள்ளான். இறக்கைக்கு முன்னால் தோளோரம் வெள்ளை மேலேறி நிற்குமே, அதைப் பார்த்தாலே போதும். தகராறு மற்ற இரண்டில்தான். ஒன்றுக்கு மஞ்சள் கால், மற்றதற்குக் கரும்பச்சை. முன்னது பொரி உள்ளான், பின்னது பச்சை உள்ளான் என்று நோட்டில் எழுதிப் பேனாவையும் மூடிவிட்டேன்.

கரும்பச்சைக் கால்காரர் தண்ணீரில் இறங்கி நாலு எட்டு வைத்தார். ஏறி வரும்போது கால் மஞ்சள்! அத்தனையும் சேறு.

அப்புறம்தான் முதுகைப் பார்த்தேன். பொரி தூவியதுபோல் பெரிய பெரிய புள்ளி. கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைக்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னாலும் ஓடியது. பச்சை உள்ளானுக்கு அது கண்ணோடு நின்றுவிடும். கருத்த முதுகில் ஊசிமுனைப் புள்ளிகள்தான். ஆக, இரண்டுமே பொரி உள்ளான்.

‘பறக்கட்டும், பொறு’ என்று நீ அன்று தலையில் அடித்துக்கொண்டாயே, மறுநாள் அதற்கும் வாய்த்தது. ஆற்று வளைவில் பச்சை உள்ளான் ஒன்று காலடியிலிருந்தே கிளம்பியது. இறக்கையின் அடிப்பக்கம் கரி பூசினாற்போல் இருந்தது. வெள்ளைப் பிட்டம் இரண்டுக்கும் உண்டு, ஆனால் பொரி உள்ளானின் அடியிறக்கை வெளிறியிருக்கும். குரலும் வேறு: பொரி உள்ளான் ‘சிப்-சிப்-சிப்’ என்று ஒரே சுருதியில் படபடக்கும், பச்சை உள்ளான் சீழ்க்கையடிக்கும்.

இந்தப் பச்சை உள்ளான் வடக்கே போய் மரத்தின் மேல், வேறு பறவை விட்டுப்போன பழைய கூட்டில் முட்டையிடுகிறதாம்! நம்பவே முடியவில்லை. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758-லேயே இந்த மூன்று உள்ளான்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டார். நான் இப்போதுதான் பிரித்துப் பார்க்கப் பழகுகிறேன்.

என் பழைய நோட்டுகளில் ‘பச்சை உள்ளான்’ ஏராளம். அதில் எத்தனை பறவை, எத்தனை சேறு என்று உன் நோட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். வரும்போது கொண்டு வா.

அன்புடன்,
சேகர்