சீல் வைப்பதற்கு முன் எங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

மகளிர் விடுதிகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கு சீல் வைத்தீர்கள். உரிமம் இல்லை, தீயணைப்புத் துறையின் சான்று இல்லை, மூன்று மாடிக்கும் ஒரே படிக்கட்டு. எதையும் நாங்கள் மறுக்கவில்லை. அந்தப் படிக்கட்டில்தான் தண்ணீர் கேன்களும் செருப்பு ஸ்டாண்டும் இருந்தன. ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மூடியது சரி. மூடிய விதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

மாலை ஆறு மணி வாக்கில் வார்டன் அக்கா அறை அறையாக வந்து, "ஒன்பது மணிக்குள்ள காலி பண்ணிடுங்கம்மா, ஆபீசருங்க கீழ நிக்கிறாங்க" என்றார். பாதிப் பேர் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. அவர்களுடைய சாமான்களையும் நாங்களேதான் கட்டினோம். எது யாருடைய சார்ஜர், எது யாருடைய தட்டு என்று தெரியாமல் கையில் கிடைத்ததைப் பைக்குள் போட்டோம். கொடியில் கிடந்த துணிகளை ஈரத்தோடு பக்கெட்டில் திணித்தோம். மறுநாள் பரீட்சை இருந்த நர்சிங் மாணவி ஊருக்குப் போன் செய்தாள். "ராத்திரி பஸ் பிடிச்சு வரேன், அதுவரைக்கும் எங்கயாவது உட்காரும்மா" என்றார் அவள் அப்பா. எங்கே உட்காருவது? அவளும் இன்னும் சிலரும் அந்த இரவை ரயில் நிலையத்தில் கழித்தார்கள்.

விடுதி உரிமையாளரின் போன் அணைந்திருந்தது. எங்கள் அட்வான்ஸ், அதாவது ஒரு மாத வாடகை, அவரிடம்தான் இருக்கிறது. காலி செய்வதாக இருந்தால் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அட்வான்ஸ் கிடையாது என்று சாப்பாட்டு அறைச் சுவரில் லேமினேட் செய்து ஒட்டியிருந்தார். நாங்கள் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், எங்களுக்கு மூன்று மணி நேரம் போதும். ரசீது கேட்டால், "ஜிபேல இருக்கே, அதுதான் ரசீது" என்பார். அந்த ஜிபே கணக்கோ அவருடைய மாமியார் பெயரில்.

தமிழ்நாட்டில் மகளிர், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014-லேயே சட்டம் வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் நடத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் என்று நீங்களே அறிவிப்பு வெளியிடுகிறீர்கள். அந்தத் தண்டனை உரிமையாளருக்கு எப்போது கிடைக்குமோ, எங்களுக்கு அன்றைக்கே கிடைத்துவிட்டது.

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். ஒரு விடுதியை மூட முடிவெடுத்தால், அதில் தங்கியிருப்பவர்களுக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள், வேறு இடம் தேட அவகாசம் கொடுங்கள், அட்வான்ஸை வாங்கிக் கொடுங்கள். கட்டடம் ஓர் இரவுகூடத் தாங்காத ஆபத்தில் இருந்தால், அன்றைக்கே வெளியேற்றுங்கள். ஆனால் போக ஓர் இடத்தைக் காட்டிவிட்டு வெளியேற்றுங்கள். தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசே தோழி விடுதிகள் நடத்துகிறது. இப்படி நிற்பவர்களுக்கென்று அங்கே சில படுக்கைகளை ஒதுக்கி வைப்பது பெரிய காரியமா?

எங்கள் சௌகரியத்துக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் ஒரு மகளிர் விடுதியில் ரகசிய கேமராக்கள் வைத்திருந்தது வெளியே வந்தது. அதைக் கண்டுபிடித்தது எந்த ஆய்வுக் குழுவும் இல்லை, அங்கே தங்கியிருந்த பெண்கள்தான். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் விடிவதற்கு முன் ஒரு மகளிர் விடுதியில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்துப் பெண்கள் இறந்தார்கள். அது பழைய கட்டடம், இடிக்கச் சொல்லி மாநகராட்சி ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்தது என்று பிறகு செய்திகளில் படித்தோம். எந்த விடுதியிலும் முதலில் ஆபத்தைப் பார்ப்பது உள்ளே இருப்பவள்தான். ஸ்விட்ச் போர்டில் தீப்பொறி வருவது அவளுக்குத் தெரியும், ஜன்னல் கம்பிக்குப் போட்ட பூட்டின் சாவி யாரிடமும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் புகார் கொடுத்தால் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டிவரும் என்றும் தெரிந்தால், அவள் வாயைத் திறப்பாளா? எங்கள் விடுதியிலும் புகார் கொடுத்தது யார் என்றுதான் அன்று படிக்கட்டில் பேச்சு ஓடியது. கொடுத்தவள் நல்லது செய்தாள். ஆனாலும் அவளைத் திட்டாதவர்கள் குறைவு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதம் 20,000 ரூபாய் வரை வாடகை கொடுத்து, தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறவர்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. வரியைக் காரணம் காட்டி ஏற்றிய எங்கள் வாடகை மட்டும் அப்படியே நின்றது. கேட்டதற்கு, "வீட்டு வரி ஏறிடுச்சு, கரண்ட் ஏறிடுச்சு" என்றார்கள். ஏறாதது சாம்பாரில் பருப்பு மட்டும்தான். ஆண்களின் கதை இதைவிட மோசம். மேற்படி சட்டம் மகளிருக்கும் குழந்தைகளுக்கும்தான். திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் வாழ்நாளில் பாதியைக் கழிக்கும் அண்ணன்மார்களுக்காகக் கேட்க அந்தச் சட்டத்தில் வழியில்லை. தீ, ஆண் பெண் பார்த்தா பிடிக்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஆட்கள் குறைவு, வேலை அதிகம் என்பது தெரியும். விடுதிக்காரர்கள் வரிசையாக வந்து சிபாரிசு பிடிப்பார்கள் என்பதும் தெரியும். அதையெல்லாம் மீறி நடவடிக்கை எடுப்பதற்கு நன்றி. தயவுசெய்து தொடர்ந்து எடுங்கள். ஆனால் நோட்டீஸில் ஒரு பிரதியை எங்களுக்கும் கொடுங்கள். உரிமையாளர் மேஜைக்குப் போகும் நோட்டீஸ் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒட்டினால் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஆதாரம் காட்டும்வரை, அதே ஆளுக்கு அடுத்த தெருவில் வேறு பெயரில் உரிமம் கொடுக்காதீர்கள்.

போன வாரம் வெளியேறியவர்களின் பெயர், எண், யாருக்கு எவ்வளவு வரவேண்டும் என்ற பட்டியலை நாங்களே தயார் செய்து வைத்திருக்கிறோம். ஜிபே விவரங்களும் இருக்கின்றன. எந்த நாள், எந்த அறைக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். லீவு போட்டுவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
சீல் வைத்த விடுதியின் இரண்டாம் மாடியில் தங்கியிருந்தவள்