முனைவர் பட்ட ஆய்வுக் குழுக்களில் மாணவர் குரல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, ஒவ்வோர் ஆய்வு மாணவருக்கும் ஓர் ஆய்வு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். ‘டாக்டரல் கமிட்டி’ என்று நாம் வழக்கமாகச் சொல்வது இதைத்தான். ஆய்வுத் தலைப்பை இறுதி செய்வது, படிக்க வேண்டிய தாள்களை முடிவு செய்வது, பருவந்தோறும் மாணவரின் முன்னேற்றத்தைப் பரிசீலிப்பது ஆகியவை அதன் பணிகள். முன்னேற்றம் போதாதெனில் காரணங்களைப் பதிவு செய்து திருத்த வழி சொல்லவும், அதன் பிறகும் பயனில்லை என்றால் பதிவையே ரத்து செய்யப் பரிந்துரைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. இவ்வளவு அதிகாரம் படைத்த குழுவைக் கூட்டுபவர் அந்த மாணவரின் நெறியாளரே என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வேதியியல் பேராசிரியராக இருந்த காலத்தில் இத்தகைய பல குழுக்களில் உறுப்பினராக அமர்ந்திருக்கிறேன். மாணவர் தம் முடிவுகளைத் திரையில் காட்டி முடித்ததும், “ஏதாவது சிரமம் இருக்கிறதா?” என்று நாங்கள் கேட்போம். அவர் ஒரு கணம் நெறியாளரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஒன்றும் இல்லை சார்” என்பார். ‘முன்னேற்றம் திருப்திகரம்’ என்று முன்கூட்டியே தட்டச்சு செய்த அறிக்கை கையொப்பத்துக்கு வரும். நிறமாலைமானி என்ற பகுப்பாய்வுக் கருவியில் மாதிரியை ஓட்ட வாரக்கணக்கில் காத்திருந்ததோ, வேதிப்பொருள் வராமல் வேலை நின்றதோ, உதவித்தொகைக்கான படிவம் கையெழுத்தாகாமல் மேசையில் கிடந்ததோ அந்த அறிக்கையில் ஏறுவதில்லை.

முறையிட வேறு வழி இல்லாமல் இல்லை. மாணவர் குறைதீர்ப்பு குறித்த 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு குறைதீர்ப்புக் குழுவை அமைக்கச் சொல்கின்றன. அது 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்றும் கூறுகின்றன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் அக்குழுவிலும் மாணவர் பிரதிநிதி ஒருவர் மட்டுமே, அவரும் சிறப்பு அழைப்பாளர். கூட்டம் செல்லுபடியாவதற்கான குறைந்தபட்ச எண்ணிக்கையில் அவர் சேர்க்கப்படுவதில்லை. மேலும், தன் ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டியவர் மீது எழுத்துமூலம் புகார் கொடுக்க எத்தனை மாணவர்கள் துணிவார்கள்?

ஆய்வின் தரத்தை மதிப்பிடும் பொறுப்பு ஆசிரியர்களிடமே இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பொதுக் கருவிகளுக்கு நேரம் ஒதுக்குவது, ஆய்வகப் பாதுகாப்பு, பாடத்தாள்களின் தேர்வு ஆகியவற்றில் காலை முதல் இரவு வரை ஆய்வகத்திலேயே இருக்கும் மாணவர் அறிந்த அளவுக்கு நாங்கள் அறிய மாட்டோம். ஆகவே, துறை அளவிலான ஆய்வுக் குழுவில் ஆய்வு மாணவர்களே தேர்ந்தெடுத்த இருவருக்கு வாக்குரிமையுடன் இடம் தர வேண்டும். அத்துடன், ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்கள் நெறியாளர் வெளியே இருக்க, மாணவர் மற்ற உறுப்பினர்களிடம் தனியாகப் பேசுவதைக் கட்டாயமாக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகத் துறைகள் பலவற்றில் இது நடைமுறையில் உள்ளது. எல்லோருக்கும் கட்டாயம் என்றால்தான், தனியாகப் பேசக் கேட்ட மாணவர் என்ற பெயர் யார் மீதும் விழாது.

இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 2022 விதிமுறைகள் கூறுபவை குறைந்தபட்சத் தரங்களே. அவற்றுக்கு மேல் பல்கலைக்கழகங்கள் தம் சொந்த விதிகளில் சேர்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் கல்விக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இவ்விரண்டையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி.